புதிய ஒப்பந்தங்களுக்கு மட்டும்

புனேயில் என்னிடம் முதன்முறையாகப் பேசுகிறவர்கள், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே வேறொன்றைக் கேட்டுவிடுகிறார்கள். வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? வீட்டுத் தரகர் கேட்டார். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று மதிய உணவுக்குப் பெயர் எழுதிக்கொண்ட அலுவலகப் பெண் கேட்டார். லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டுவதற்கு முன் கேட்டார். கேள்வியில் பகை இல்லை. மழை வருமா என்று விசாரிப்பதுபோலக் கேட்கிறார்கள்; பதிலைப் பொறுத்துக் குடையை விரிக்கிறார்கள். எங்கள் காயல்பட்டினத்தில் புதியவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “நீங்க எந்தத் தெரு?” என்பது. அந்த ஒரு பதிலில் யார் வீடு, யாருக்கு உறவு, எந்தப் பள்ளிவாசல் என்பதெல்லாம் அடங்கிவிடும். நான் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பழகியவள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று இப்போது நினைக்கிறேன்.

தரகரோடு நடந்த பேச்சு என் குறிப்புகளில் இருக்கிறது. சின்ன உரையாடல்களைக்கூட மாதத்தோடும் கிழமையோடும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே உண்டு; எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. மே மாதம், வெள்ளிக்கிழமை, நிக்டியில் ஒரு அடுக்ககத்தின் வாசல். நானும் என் கணவரும் நின்றுகொண்டிருந்தோம். தரகர் இந்தியில் பேசினார்.

“சவுத் இண்டியனா, பாபிஜி?”

“ஆமாம். தமிழ்.”

“அப்ப பிரச்சினையே இல்ல. இட்லி, தோசை. பியூர் வெஜ்.”

“நாங்க மீன் சாப்பிடுவோம்.”

“மீன் பெங்காலிதானே சாப்பிடுவான்? நீங்க தமிழ்னு சொன்னீங்களே.”

என் கணவர் தன் முழுப் பெயரைச் சொன்னார். தரகர் கொஞ்ச நேரம் தன் கைபேசியைப் பார்த்தார். பிறகு, “கோண்ட்வா பக்கம் பார்க்கலாமே பாய், அங்க உங்க ஆளுங்க நிறைய” என்றார். கோண்ட்வா நகரத்தின் மறுகோடி. என் கணவருக்கு வேலை சாக்கணில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அங்கிருந்து தினமும் வந்துபோவது நடக்காத காரியம். கடைசியில் நாசிக்கில் இருந்த பட்வர்தன் என்கிற ஓய்வுபெற்ற மனிதர் தன் நிக்டி வீட்டைத் தந்தார். அவர் எங்களிடம் கேட்டது, சுவரில் ஆணி அடிப்பீர்களா என்பதை மட்டும்தான்.

அப்படித்தான் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் மகள் சுமையாவுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள், மராத்தியில் சண்டை போடுவாள். சொசைட்டி என்று இங்கே சொல்கிற உரிமையாளர் சங்கத்துக்கு ஆறாம் மாடி ஆப்டே காகா செயலாளர்; சித்தப்பா வயதுக்காரரை இங்கே காகா என்பார்கள், சித்தி வயதுப் பெண்ணைக் காகூ என்பார்கள். கட்டடம் முழுக்க சைவம் என்று சொல்ல முடியாது. ஷ்ராவண் மாதம் பிறப்பதற்கு முந்தைய அமாவாசையை இங்கே கடாரி என்கிறார்கள். அடுத்த ஒரு மாதம் மாமிசம் கிடையாது என்பதால் அன்றைக்கே மொத்தமாகச் சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். அந்த நாளில் மூன்றாம் மாடி ஷிண்டே வீட்டு மட்டன் குழம்பு எங்கள் படுக்கையறை வரைக்கும் மணக்கும். எங்கள் வீட்டிலிருந்து போவது மாசியின் மணம். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல ஆகும்வரை வெயிலில் காயவைத்தால் அது மாசி. இடித்துத் தூளாக்கி, வெங்காயத்தோடு தாளித்துச் சம்பல் செய்வோம். ஊரிலிருந்து உம்மா டப்பாவில் அடைத்து அனுப்புவார்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். என் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஒரு சூட்கேஸும் ஒரு மேசை விளக்கும் கொண்டுவந்தார். அந்த வீடு என் பெயரில் இருக்கிறது. நாளை சுமையாவின் பெயருக்குப் போகும். என் காக்கா, அதாவது என் அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் இன்று ஊருக்கு வந்தால் மனைவி வீட்டில்தான் தங்குகிறார். இதையெல்லாம் நான் ஒருபோதும் விவாதிக்க வேண்டிய பொருளாக எண்ணியதில்லை. விதி நமக்குச் சாதகமாக இருக்கும்போது அது விதியாகவே தெரிவதில்லை. நிக்டி வீட்டின் ஒப்பந்தத்தில் என் கணவர் பெயருக்குக் கீழே, குடும்ப உறுப்பினர் என்ற வரியில் என் பெயர் இருந்தது.

கல்லூரியில் நான் எடுப்பது முதலாண்டு மாணவர்களுக்கான கட்டாயப் பாடம். எழுத்தும் வாதமும் கற்பிக்க வேண்டும். பொறியியல், வணிகம், வடிவமைப்பு என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள், யாருக்கும் விருப்பமில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை வைத்தே பாடம் நடத்துவோம். ஓராண்டு நகரம், ஓராண்டு விளையாட்டு. கடந்த ஜூலையில் உணவு என்று முடிவானது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், ஆகவே எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்பது துறையின் கணக்கு. முதலில் விவரிக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிறகு ஒரு கூற்றை முன்வைக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை, எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். கடைசியாக, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் வாதம் பலவீனமாகும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சரியான இடத்தில் விட்டுக்கொடுத்தால்தான் பலமாகும் என்பது நான் வழக்கமாகச் சொல்வது.

முதல் மாதம் உற்சாகமாகத்தான் போனது. ரத்னகிரியிலிருந்து வந்திருந்த ஓம்கார் என்கிற பையன், முளைகட்டிய பயற்றில் செய்யும் மிசளுக்குப் புனேயில் காரமே கிடையாது, அது நோயாளிகளின் உணவு என்று எழுதிவந்தான். வகுப்பில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள்.

“ஆதாரம் என்ன?” என்று கேட்டேன்.

“நானே சாப்பிட்டேன், மேம்.”

“அது அனுபவம்.”

“மேம், அழுதிருந்தா ஆதாரம். எனக்குக் கண்ணுல தண்ணியே வரலை.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “உன் மார்க்கைப் பாரு, வரும்” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று குறிப்பில் இருக்கிறது. அந்தப் பின்வரிசைப் பெண் சானிகா, ஆறாம் மாடி ஆப்டே காகாவின் மகள். பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவள். கட்டடத்தில் பார்த்தால் ‘ஹலோ ஆன்ட்டி’, கல்லூரியில் பார்த்தால் ‘குட் மார்னிங் மேம்’. இரண்டையும் அவள் குழப்பிக்கொண்டதே இல்லை.

செப்டம்பரில் இறுதிக் கட்டுரைக்கான தலைப்புகள் வந்தன. சானிகாவின் தலைப்பு: ஒரு குடியிருப்பு, தன் சமையலறைகளில் என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்ய உரிமை உள்ளதா? உண்டு என்பது அவள் கட்சி. அப்பா வீட்டில் அடிக்கடி பேசும் விஷயம் என்பதால் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். தலைப்பை மாற்றச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. மாற்றச் சொல்லவில்லை. ஆசிரியரின் வீட்டை உத்தேசித்து மாணவர் தலைப்பை மாற்றுவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

முதல் வரைவு மோசமாக இருந்தது. அசைவச் சமையலின் நாற்றம் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதையே நான்கு பக்கங்களுக்கு வேறு வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தாள். என் அறையில் எதிரே உட்காரவைத்து, நாற்றம் என்ற சொல்லை வட்டமிட்டேன்.

“யாருக்கு நாற்றம்?”

“எல்லாருக்கும், மேம்.”

“சமைக்கிறவங்களுக்கும் நாற்றமா?”

யோசித்தாள். “இல்ல. அவங்களுக்கு வாசனை.”

“அப்ப ரெண்டு மூக்கு சண்டை போடுது. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு கண்டுபிடி. பொது இல்லாத இடத்துல வாதம் நிக்காது.”

அடுத்த வாரம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை, எல்லா வீட்டுச் சமையலறைகளையும் ஒட்டி ஓர் இடைவெளி போகிறது. டக்ட் என்பார்கள். குழாய்கள் அதற்குள்தான் இறங்குகின்றன, புகைபோக்கிகள் அதற்குள்தான் திறக்கின்றன. அதில் இருக்கும் காற்று, தண்ணீர்த் தொட்டியைப் போல, லிஃப்டைப் போல, எல்லாருக்கும் பொதுச்சொத்து என்று எழுதியிருந்தாள். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பிரச்சினை அல்ல. பொதுவான ஒன்றில் யார் எதைக் கலக்கிறார்கள் என்பதே பிரச்சினை. படித்து முடித்ததும், நன்றாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதினேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அன்று மாலை பேருந்தில் எங்கள் ஊர் முடுக்குகளை நினைத்துக்கொண்டேன். காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்பக்கங்களுக்கு நடுவே, பெண்கள் மட்டும் போய்வருவதற்கென்று குறுகலான சந்துகள் உண்டு. ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்கு அதன் வழியாகத்தான் போவோம். முதலில் மணம் வரும், கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தோடு ஆள் வரும். அதுவும் ஒரு டக்ட்தான். அதிலிருந்த காற்று யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு எல்லாரும் ஒரே மாதிரிச் சமைத்தார்கள் என்பதும் உண்மை. அந்த வரியையும் எழுதி வைத்தேன். அதனால் எனக்கு ஆறுதலும் இல்லை, வருத்தமும் இல்லை.

அக்டோபரில், தீபாவளி விடுமுறைக்கு முன், சானிகா கடைசியாக ஒருமுறை வந்தாள். விட்டுக்கொடுக்கும் பகுதி மட்டும் பாக்கி.

“மேம், இதுல எதை விட்டுக்கொடுக்கறது? ரூல்னா எல்லாருக்கும்தானே?”

“ஏற்கெனவே அங்க குடியிருக்கிறவங்க என்ன செய்வாங்க? ஒரு நாள் காலையில எழுந்தா அவங்க சமையல் தப்புன்னு சொல்லுவியா?”

“அது அநியாயம்தான்.”

“அப்ப அதை ஒத்துக்கோ. இப்ப இருக்கிறவங்களைத் தொடாதே. இனிமேல் போடற புது ஒப்பந்தங்களுக்கு மட்டும்னு வச்சுக்கோ. உன் வாதம் நியாயமாவும் இருக்கும், யாரும் எதிர்க்கவும் முடியாது.”

அவள் முகம் மலர்ந்தது. “இது சூப்பர், மேம். அப்ப நீங்களும் சேஃப்.”

எங்கள் வீடு என் மனத்தில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் கட்டுரை, இந்தப் பக்கம் என் சமையலறை. இரண்டுக்கும் ஒரே வரியில் வழி கிடைத்ததில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு காலை, சொசைட்டியின் பொதுக்கூட்டம் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. பட்வர்தன் தொலைபேசியில், “நீங்கள் போய் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டதால், கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி எல்லாம் முடிந்த பிறகு ஆப்டே காகா ஒரு தாளை எடுத்து மராத்தியில் வாசிக்க ஆரம்பித்தார். காற்று யாருக்கும் சொந்தமல்ல. டக்ட், தண்ணீர்த் தொட்டியைப் போலப் பொதுச்சொத்து. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது நமது பிரச்சினை அல்ல. மொழி மாறியிருந்தாலும் பத்திகளின் வரிசை மாறவில்லை. அடுத்து எதிர்த்தரப்பு வரும் என்று நினைத்தேன், வந்தது.

மூன்றாம் மாடி ஷிண்டே உட்கார்ந்தபடியே, “ஆம்ச்யா மட்ணாச்ச காய்?” என்றார். எங்கள் மட்டனுக்கு என்ன வழி என்று. எல்லாரும் சிரித்தார்கள்.

“உங்களுக்கு ஒன்றுமில்லை, ஷிண்டே சாஹேப். இப்போது இருக்கிற யாரையும் தொடவில்லை. புதிய ஒப்பந்தங்களுக்கு மட்டும்.”

“அப்போது சரி” என்று ஷிண்டே கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து ஐந்தாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் கடாரி கொண்டாடுகிறவர்கள் கையைத் தூக்கினார்கள். இதே தீர்மானம் இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே இடத்தில் தோற்றிருந்தது. அன்று இந்தக் கைகள்தான் எழவில்லை.

ஷிண்டேவுக்குத் திருப்தியாகவில்லை. “ஆப்டே, இது நீ எழுதினது இல்லை. நீ எழுதினால் முதல் வரியிலேயே சண்டை வந்திருக்கும்.”

“மகள் எழுதியது” என்றார் ஆப்டே காகா. அவர் குரலில் பெருமை இருந்தது. கடைசி வரிசையைத் தேடி, என்னைப் பார்த்துக் கைகாட்டினார். “மேடம்னீ ஷிகவ்ல.” மேடம்தான் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ தொடங்க, கைதட்டினார்கள். நானும் எழுந்து லேசாகத் தலையாட்டினேன். கைதட்டினால் அப்படிச் செய்வது பழக்கமாகிவிட்டது.

சானிகா படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்தாள்.

“மேம், பாத்தீங்களா? உங்க லைனை அப்படியே வச்சோம். பாபா முதல்ல வேண்டாம்னார். நான்தான் சண்டை போட்டேன், மேமோட ஃபேமிலி இருக்கில்லன்னு.”

“சானிகா, எங்க அக்ரிமென்ட் இந்த மாசக் கடைசியில முடியுது.”

“ரினியூ பண்ணுவீங்கல்ல?”

“இங்க ரினியூவல்னு ஒண்ணு இல்ல. பதினோரு மாசம் முடிஞ்சா அது முடிஞ்சுது. அடுத்தது புது அக்ரிமென்ட்.”

அவள் என்னையே பார்த்தாள். சொந்த வீட்டில் பிறந்த பெண். வாடகை ஒப்பந்தம் ஒன்றை அவள் கண்ணால்கூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு அந்தச் சாக்கு கிடையாது. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்களைப் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். எங்கள் முதல் ஒப்பந்தம் ஜூனில் தொடங்கியது; அடுத்தது மே, அதற்கடுத்தது ஏப்ரல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பின்னால் நகர்ந்து, ஆறாவது ஜனவரிக்கு வந்து நின்றது. அந்த நகர்வை ரசித்து நாட்குறிப்பில் எழுதி வைத்தவள் நான். ஐந்தரை ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆகவே பழையவர்கள் என்று நினைத்துக்கொண்டுவிட்டேன். நான் காயல்பட்டினத்துக்காரி. ஒரு வீட்டில் புழங்குகிறவள் அந்த வீட்டுக்காரி என்ற எண்ணம் எங்கோ அடியில் இருந்திருக்கிறது. கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. காத்திருந்தேன், வரவில்லை.

“நான் பாபாகிட்ட சொல்றேன், மேம்.”

“தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு, சானிகா.”

சுமையாவுக்குப் பிப்ரவரி கடைசியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எங்கள் முன்னால் இருந்த விஷயம் அது ஒன்றுதான்: தேர்வு முடியும்வரை இந்த வீட்டில், இந்தப் பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க முடியுமா, முடியாதா? பட்வர்தன் நல்ல மனிதர். “எனக்கு ஆட்சேபணையே இல்லை, மேடம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்த்துவிடலாம். உங்கள் அடுப்பை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?” என்றார். மாமிசமோ மீனோ வீட்டில் சமைப்பதில்லை, வைத்திருப்பதுமில்லை என்பது அந்த வரி.

“என்ன சொல்றாஹ?” என்று என் கணவர் கேட்டார். சொன்னேன்.

“எழுதிக் கொடுத்துட்டுப் போவோம். ஒளிச்சுச் சமைச்சா யாருக்குத் தெரியும்?”

“மாசியை ஒளிச்சுச் சமைக்கவா? தாளிச்சா ஷிண்டே கூப்பிட்டுக் கேப்பாரு, எனக்குக் கொஞ்சம் இருக்கான்னு.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “மாப்பிள்ளையா ஒன் வீட்டுக்கு வந்தப்ப மாமி என்ன போட்டாஹளோ அதைத் தின்னேன். இப்ப பட்வர்தன் என்ன சொல்றாஹளோ அதைத் திங்கணும். எனக்குப் பழக்கம்தான், ஒனக்குத்தான் புதுசு” என்றார்.

சுமையா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உம்மா, எக்ஸாம் வரைக்கும் நான் பன்னீரே சாப்பிடுறேன், சலேகா, பரவாயில்ல.”

“நீ எப்பவும் பன்னீர்தானே தின்னுற.”

“அதான். டென்ஷன் லேனா நஹி.” டென்ஷன் ஆகாதே என்கிறாள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய எங்கும் போக வேண்டியதில்லை. முகவர் ஒருவர் மடிக்கணினியும் கைரேகைக் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். நவம்பர் கடைசி வாரம் வந்தார். நிரந்தர முகவரியை வாசித்துக் காட்டி, அந்த ஊர் வீடு யாருடையது என்று சும்மா கேட்டார். என்னுடையது என்றேன். “சொந்த வீடு இருக்கிறவங்க எதுக்கு இங்க வாடகைக்கு?” என்று சிரித்துக்கொண்டே என் கணவரின் கட்டைவிரலைக் கருவியின் மேல் வைத்து அழுத்தினார். என் விரல் தேவைப்படவில்லை.

அன்று சமையலறையைக் காலி செய்தேன். காலி செய்ய அதிகம் இல்லை. உறையவைத்த மீன் இரண்டு பொட்டலம் இருந்தது. எங்கள் வீட்டில் துணி வெளுக்க வரும் பெண்ணிடம் கொடுத்தேன். மாசி டப்பா மட்டும் மிஞ்சியது. உம்மா போன மாதம்தான் அனுப்பியிருந்தார், நிறைய இருந்தது. தூக்கியெறியக் கை வரவில்லை என்று எழுத ஆசைதான்; ஆனால் எறிவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப்போய், மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அந்த இழுப்பறையில்தான் இறுதிக் கட்டுரைகள் இருந்தன. டிசம்பரில் அவற்றைத் திருத்தினேன். சானிகாவின் கட்டுரை வகுப்பிலேயே சிறந்தது. இரண்டு முறை படித்தும் மதிப்பெண் குறைக்க நியாயமான காரணம் கிடைக்கவில்லை. ஏ என்று போட்டு, விட்டுக்கொடுக்கும் பகுதிக்கு எதிரே, நடைமுறையில் யாருக்கு இது பொருந்தும் என்று சோதித்திருக்கலாம் என ஒரு வரி எழுதினேன். அது எனக்கும் எழுதிக்கொண்ட வரிதான். கட்டுரைகளைக் கட்டி மீண்டும் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனேன்.

ஜனவரியில், சங்கராந்தி முடிந்த வாரத்தில், வகுப்பில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். தாள்களைக் கையில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஓம்கார் தன் தாளை முகத்தருகே கொண்டுபோனான்.

“மேம், இது சுக்கட். எங்க ஊர்க் கருவாடு மாதிரி. ஆனா புகை போட்டிருக்கு.”

“மாசி. எங்க ஊர்ல செய்யறது.”

“என் மார்க்கு சி, மேம். ஆனா பேப்பர் பத்திரமா வச்சுப்பேன்.”

யாரோ மூக்கைப் பிடித்தார்கள். யாரோ ஒருத்தி கட்டுரையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். சானிகா கடைசியாக வந்து வாங்கினாள். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. தாளை முகர்ந்தாள், கண்களை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தாள். ஜூலையில் நான் சொல்லிக்கொடுத்தபடி, தீர்ப்புக்கு முன் விவரிக்க முயல்கிறாள் என்று புரிந்தது.

“விறகுப் புகை. உப்பு. அப்புறம் ஏதோ… மழையில நனைஞ்ச மரக்கதவு மாதிரி. இதுதானா மேம், அது?”

“இதுதான்.”

“நான் இதை முகர்ந்து பார்க்காமலே நாலு பக்கம் எழுதியிருக்கேன்.” தாளை மடித்தாள். “ரிவைஸ் பண்ணலாமா, மேம்?”

“செமஸ்டர் முடிஞ்சிருச்சு. மார்க் ஏத்தியாச்சு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை நான் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது, அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எனக்காகக் கதவைப் பிடித்திருந்தாள். அவள் தோளில் துணிப்பை தொங்கியது. லிஃப்டின் சிறிய இடத்தில் மாசியின் மணம் மெதுவாகப் பரவியது. இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. ஜோஷி காகூ ஏறினார். சங்கராந்திக்குக் கட்டுகிற கறுப்புப் புடவை, தலையில் பூ. ஆறாம் மாடி ஆப்டே வீட்டில், பெண்கள் கூடி மஞ்சள் குங்குமம் இட்டுக்கொள்ளும் ஹள்தி-குங்குவுக்குப் போகிறார். கதவு மூடியதும் மூக்கைச் சுளித்தார். முதலில் மேலே பார்த்தார், பிறகு கீழே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கஸ்லா வாஸ் யேதோய்?” என்றார். என்ன வாடை இது?

என் கைப்பையில் எதுவும் இல்லை, டப்பா கல்லூரியில் பூட்டிக்கிடக்கிறது, ஒப்பந்தத்தின் வரியை ஒரு நாளும் மீறவில்லை என்றெல்லாம் மராத்தியில் சொல்வதற்குள் நான்காம் மாடி வந்துவிடும்.

“என் பையிலிருந்து வருது, காகூ” என்றாள் சானிகா. “காலேஜ் அசைன்மென்ட்.”

“காலேஜில் மீன் நாறும் அசைன்மென்ட் தருகிறார்களா?”

“ஆமா. ஏ கிடைச்சிருக்கு.”

காகூ சந்தேகத்தோடு அவளுடைய பையைப் பார்த்தார். சானிகா அதை இன்னும் கொஞ்சம் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான்காம் மாடியில் கதவு திறந்தது, இறங்கினேன். கதவு மூடி, மேலே சிவப்பு எண் ஐந்தாகி, ஆறில் நின்றது. மாடிப்படி வழியாகப் பெண்களின் சிரிப்பும் வளையல் சத்தமும் இறங்கி வந்தன. ஒரு கதவு திறந்தது, யாரையோ உள்ளே வரச்சொல்லும் குரல் கேட்டது, கதவு மூடியது. என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதென்று எழுதிக்கொடுத்த மணம், செயலாளர் வீட்டுக் கூடத்துக்குள் போய்விட்டது. நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுமையா விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு சுத்தமாக இருந்தது, எதுவும் மணக்கவில்லை.